பத்தாம் இலக்க வீடும் அண்ணையின் திருநீறும்

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்த பிறகுதான் மாத்திரையை விழுங்குகிறவள் நான். தலைவலிக்கு ஒன்று போட்டால் ஈரல் கெடலாம், கண் மங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். வாசித்து முடிக்கும்போது தலைவலி போய்ப் பயம் வந்திருக்கும். என் கணவர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆகவே ஒருநாள் மாலை அண்ணை வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "வியாழக்கிழமை நான் பிரதம மந்திரியின்ர வீட்டுக்குப் போறன்" என்று சொன்னபோது, நான் செய்த முதல் காரியம் அடுத்த நாள் லண்டனில் நாங்கள் இருக்கும் லூயிஷாமின் நூலகத்துக்குப் போனதுதான். அது எப்படிப்பட்ட வீடு, யார் கட்டியது, எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வாசலால் என்ன வந்தது என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

அது 2009ஆம் ஆண்டின் வசந்த காலம். வன்னியில் ஒரு துண்டுக் கடற்கரையில் சனங்கள் நெருக்குண்டு கிடந்தார்கள். லண்டனில் நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில் நின்று, சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம். நான் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்தேன். பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்து, தட்டுக் கழுவி, மேசை துடைத்துவிட்டு ரயில் பிடித்தால் பின்னேரம் அங்கே போய்ச் சேரலாம். என் கணவருக்கு பேக்கரியில் இரவு ஷிப்ட். பகலில் உலகம் அழிந்தாலும் அவரை எழுப்பக்கூடாது. அண்ணை மட்டும் காலையிலேயே போய்விடுவார். அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அவருடைய அகதி அட்டையில் அதை எழுதியே கொடுத்திருந்தார்கள்.

அண்ணை என் கூடப்பிறந்தவர், வன்னியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எப்படியோ லண்டன் வந்து சேர்ந்து எங்களோடு இருந்தார். அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்தார்கள். அப்பீலையும் நிராகரித்தார்கள். எந்த நேரமும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலை. அதுவரை கிழமைக்கு ஒருமுறை லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய் முகத்தைக் காட்டிக் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் ஆட்கள் இதை 'சைன் வைக்கிறது' என்பார்கள். சைன் வைக்கப் போன சிலர் திரும்பி வரவில்லை. உள்ளே வைத்தே பிடித்து, பின்கதவால் வேனில் ஏற்றி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே சைன் வைக்கும் நாட்களில் அண்ணை வெளியே வந்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவார். அந்த மணி அடிக்கும் வரைக்கும் நான் பிள்ளைகளுக்குப் போடுவது உருளைக்கிழங்கா பட்டாணியா என்றே எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மனிதர்தான் பத்தாம் இலக்க வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று நின்றார். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு சிலர் முன்கூட்டியே பெயர் கொடுத்து, பொலிஸ் சோதனை முடித்து, பிரதமரின் வீட்டு வாசல் வரைக்கும் நடந்துபோய்க் கதவில் மனுவைக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு அந்தக் கறுப்புக் கதவுக்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள் ஆறு பேரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போக, வன்னியில் படிப்பித்தவர், வயதில் மூத்தவர், சத்தம் போடாதவர் என்று அண்ணையைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சபையில் நாலு பேர் முன்னால் கேட்டால் அண்ணைக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது.

"அண்ணை, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ? நீங்கள் சைன் வைக்கப் போகேக்கயே நான் ஃபோனைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். இப்ப நீங்களாவே போய்ப் பொலிஸிட்டப் பேர் குடுக்கப் போறியளோ?"

"பேர் ஏற்கெனவே அவங்களிட்ட இருக்குத்தானே பிள்ளை. கிழமைக்குக் கிழமை போய்ச் சைன் வைக்கிறன்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? ரெண்டும் ஒரே அரசாங்கந்தான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

அவர் கழற்றின சப்பாத்தைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார். பிறகு, "நான் படிப்பிச்ச பிள்ளையள் அங்க பங்கருக்குள்ள கிடக்குதுகள். ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்க நான் பயந்தா அதுகளுக்கு நான் என்ன படிப்பிச்சனான்?" என்றார். கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது.

நூலகத்தில் அந்த வீட்டைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் இருந்தன. ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்தேன். ஆதியில் அந்த இடம் ஆற்றங்கரைச் சதுப்பு நிலம். மடமொன்றுக்குச் சொந்தமாக அங்கே பியர் வடிக்கும் கொட்டில் இருந்ததாம். பிறகு அரசனின் அரண்மனை பக்கத்தில் பரந்து வர, அந்த நிலமும் அரசனின் கைக்குப் போனது. இதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. வீட்டைக் கட்டியவரின் கதைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசிக்கத் தொடங்கினேன். அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். அந்தத் தெருப் பலகையில் பெரிதாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த மனிதர் இளம் வயதில் ஒரு படைப்பிரிவில் மதபோதகர். அந்தப் படைதான் அரசனை எதிர்த்துப் போரிட்ட படை. அரசனின் தலையை வெட்டிய பிறகு, புதிய ஆட்சியில் இவர் ஒற்றர்களுக்குத் தலைவராகி, ஒல்லாந்துக்குத் தூதுவராகவும் போனார். கொஞ்சக் காலத்தில் காற்று மாறி அடித்தது. வெட்டுண்ட அரசனின் மகன் திரும்பி வந்து முடிசூடினான். தகப்பனின் சாவுக்குக் கையெழுத்து வைத்தவர்களில் பலர் உயிர் தப்ப வெளிநாடுகளுக்கு ஓடினார்கள். இவர் ஓடவில்லை. அப்படியே மறுபக்கம் தாவினார். தாவியதோடு நின்றாலும் பரவாயில்லை, தன் புதிய விசுவாசத்தைக் காட்ட ஆள் பிடிக்கத் தொடங்கினார்.

ஓடிப்போனவர்களில் இரண்டு பேர் ஜெர்மனியில் ஒளிந்திருந்தார்கள். மனைவிமாரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒல்லாந்தில் ஒரு சின்ன நகரத்தில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. அங்கே வந்தால் ஆபத்து உண்டா என்று ஒரு வியாபாரி மூலம் விசாரித்தார்கள். ஒன்றுமில்லை, பயமில்லாமல் வாருங்கள் என்று பதில் வந்தது. அந்த வியாபாரி ஏற்கெனவே தூதுவரின் ஆள். அவர்கள் வந்தார்கள். இன்னொரு பழைய தோழரும் அவர்களைப் பார்க்க வந்திருந்தார். ஒரு பின்னேரம் மூன்று பேரும் நெருப்பருகில் இருந்து புகைத்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது, தூதுவரின் ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவந்து மூவரையும் கொன்றார்கள். அந்த மூவரில் ஒருவர், இவர் மதபோதகராக இருந்த அதே படைப்பிரிவின் தளபதி. இவரைச் சோறு போட்டு வளர்த்துவிட்டவர் என்றே சொல்லலாம். அரசன் இவருக்குப் பட்டம் கொடுத்தான்.

அந்தச் சின்ன நகரத்தின் பெயரை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். டெல்ஃப்ட். லண்டனுக்கு வரமுதல் நான் பத்து வருடம் ஒல்லாந்தில் இருந்தவள். எனக்கு அகதி அனுமதியும் பாஸ்போர்ட்டும் தந்த நாடு அது. டெல்ஃப்ட்டில் வாய்க்கால் கரையில் ஒரு வீட்டில் துப்புரவு வேலைக்குப் போயிருக்கிறேன். எங்கள் நெடுந்தீவுக்கு அந்தக் காலத்து ஒல்லாந்தர் வைத்த பெயரும் அதுதான் என்று வீட்டுக்காரிக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அகதி என்றால் அங்கே பயமில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓடியிருக்கிறேன். அதே நகரத்தில்தான் மனைவியைப் பார்க்க வந்தவர்களைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். பிடித்துக் கொடுத்தவர் கட்டிய வீட்டுக்குத்தான் அண்ணை வியாழக்கிழமை போகப்போகிறார்.

மிச்சத்தையும் வாசித்தேன். வாசிக்காமல் விடுகிற ஆளா நான்? அந்த நிலத்தின் மேல் அவருக்கு நெடுநாள் கண். ஆனால் வேறொரு குடும்பத்துக்கு அதில் குத்தகை இருந்தது. குத்தகை முடியும் வரைக்கும் பல வருடம் காத்திருந்து, கிடைத்ததும் வரிசையாக வீடுகளைக் கட்டித் தள்ளினார். சதுப்பு நிலம் என்று தெரிந்தும் அத்திவாரத்தை ஒழுங்காக ஆழத் தோண்டவில்லை. செங்கல்லைச் சீராக அடுக்கப் பொறுமையில்லாமல், முன்சுவரில் சாந்துக் கோடுகளைத் தூரிகையால் கீறிவிட்டாராம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நல்ல வேலை மாதிரித் தெரியும். கட்டி முடித்த கையோடு செத்தும் போனார். ஒருநாளாவது அதில் குடியிருந்ததாக நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

ஐம்பது வருடம் கழித்து, அப்போதிருந்த அரசன் தன் தலைமை மந்திரிக்கு அந்த வரிசையில் ஒரு வீட்டையும் அதன் பின்னால் இருந்த பெரிய வீட்டையும் பரிசாகக் கொடுத்தான். மந்திரி கெட்டிக்காரர். எனக்கு வேண்டாம், என் பதவிக்குக் கொடுங்கள், எனக்குப் பிறகு வருகிறவர்களும் இருக்கட்டும் என்றார். இரண்டையும் இணைத்து ஒரு வீடாக்கினார்கள். முன்வீட்டில் அதுவரை குடியிருந்த ஒரு சாதாரண மனிதரை அதே தெருவில் வேறு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவரைப் பற்றிப் பெயரைத் தவிர வேறொன்றும் யாருக்கும் தெரியாதாம். எங்களுக்கு வீடு தந்த நகர கவுன்சில் எங்களை வேறு வீட்டுக்கு மாற்றியபோது நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலை எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு வந்த மந்திரிமாரில் பலர் அந்த வீட்டில் குடியேற விரும்பவில்லை. சுவர் இறங்கியது, தரை சரிந்தது, திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

இவ்வளவையும் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அண்ணைக்குச் சொன்னேன். புட்டைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டினவன் செத்து முந்நூறு வருசம். வீடு என்ன பிள்ளை செய்யும்?"

"வீடு ஒண்டும் செய்யாது. வாசலில நிக்கிறவன் செய்வான்."

"நீ ஒல்லாந்துப் பாஸ்போர்ட் வச்சுக்கொண்டு என்னைவிடக் கூடப் பயப்பிடுறாய்" என்று சிரித்தார். உண்மைதான். எனக்கு வாய்த்த பயம் அப்படி. என்னைத் திருப்பி அனுப்ப ஒருவராலும் ஏலாது என்பதால் மிச்சப் பயம் முழுவதையும் அவர் மேல் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் லூயிஷாமில் எங்கள் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ரயில் ஏறினோம். அண்ணை வழக்கம்போல நெற்றியில் பூசியது போக மிஞ்சிய திருநீற்றை ஒரு பேப்பர்த் துண்டில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இதில் என்ன இருக்கிறது? எங்கள் ஆட்களில் யாரின் பையைத் தட்டினாலும் இப்படி ஒன்று விழும். என் கைப்பையிலும் ஒன்று இருந்தது. ரயிலில் வரும்போது வியர்த்து, முகத்தைத் துடைத்து, நெற்றியில் இருந்தது அழிந்துவிட்டது. கோட் போட்டு, சப்பாத்து மினுக்கி, கலியாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

அந்தத் தெருவின் வாயிலில் உயரமான இரும்புக் கேற். நான் வெளியே நடைபாதையில் நின்றேன். ஆறு பேரும் கேற்றைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த சோதனை அறைக்குள் போனார்கள். கதவு திறந்திருந்ததால் கம்பிகளுக்கூடாக உள்ளே கொஞ்சம் தெரிந்தது. வீட்டுக் கதவின் திறப்பு, சில்லறை, ஃபோன் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போடச் சொன்னார்கள். அண்ணை ஒழுங்கான மனிதர் அல்லவா, பையில் இருந்த பேப்பர் மடிப்பையும் எடுத்துத் தட்டில் வைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் கடிதத்துக்குள் வெள்ளைத் தூள் வந்தாலே விஷக்கிருமி என்று கட்டடத்தைக் காலி பண்ணுவார்கள். நாங்களோ போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த ஆட்கள். பிரதம மந்திரியின் வாசலுக்கு ஒரு பொட்டலம் தூளோடு வந்திருக்கிறோம்.

கையுறை போட்ட பொலிஸ்காரர் மடிப்பைப் பிரித்தார். பிரித்த கையோடு இரண்டடி பின்னால் போனார். "என்ன இது?" என்று அவர் கேட்டது வெளியே எனக்கே கேட்டது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, படித்த பிள்ளை, நல்ல ஆங்கிலம். மாட்டுச் சாணத்தை எரித்து எடுத்த சாம்பல் என்று முழு விளக்கமும் கொடுத்தாராம். உண்மையைச் சொல்லி நிலைமையை இன்னும் மோசமாக்கினார். நீளக் குழல் துவக்கோடு நின்ற இன்னொருவர் கிட்ட வந்தார். ஒருவர் தோளில் இருந்த கருவியில் ஏதோ பேசினார். அண்ணைக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், பயம் வந்தால் அதுவும் வராது. அவர் தனக்குத் தெரிந்த வழியில் பதில் சொன்னார். மூன்று விரலால் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசி, ஒரு நுள்ளு எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், அண்ணை முடிந்தார் என்று நினைத்தேன். இப்போது அட்டையைக் கேட்பார்கள், அட்டையைப் பார்த்தால் நிராகரிக்கப்பட்டவர் என்று தெரியும், இங்கிருந்தே வேனில் ஏற்றுவார்கள். டெல்ஃப்ட்டில் நெருப்பருகில் இருந்தவர்களை எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. ஒருவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்கக்கூட நேரம் இருந்திராது. அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன்? அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். அங்கே ஃபோன் வேலை செய்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "கொண்ணைக்கு விசா குடுத்திட்டாங்களோ?" என்பதுதான். கொண்ணை என்றால் உன் அண்ணை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்தார். தலை நரைத்தவர். அண்ணையின் நெற்றியைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், திரும்ப நெற்றியைப் பார்த்தார். என்னுடைய பல் வைத்தியரின் நெற்றியிலும் இதே கோடுகளைக் கண்டிருக்கிறேன் என்றாராம். எந்தப் பல் வைத்தியரோ, அவர் நல்லாயிருக்கவேண்டும். பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். அடுத்து அட்டையை வாங்கினார்கள். அதில் இருந்த பெயரையும் இலக்கத்தையும் ஒருவர் கருவியில் வாசித்துவிட்டுக் காத்து நின்றார். மற்ற ஐந்து பேரின் அட்டைகளும் உடனே திரும்பி வந்தன. அண்ணையுடையது வரவில்லை. நான் எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு நின்ற ஒரு சுற்றுலாப் பெண் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கடைசியில் அட்டையைக் கொடுத்தார்கள். அண்ணை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்குள் நடந்தார்.

மிச்சத்தை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தட்ட முதலே கதவு திறந்ததாம். ஒருவர் வந்து மனுவை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, கதவைச் சாத்தினாராம். அவ்வளவுதான். பிறகு எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். "அண்ணை, நீங்கள் நடுவில நில்லுங்கோ. திருநீறோட பாக்க நல்லாயிருக்கு" என்று ஓரத்தில் நின்றவரை இழுத்து நடுவில் விட்டாராம். வெளியே வந்ததும் நான் அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன். ஏசி முடிய, சுவரில் அந்தக் கோடுகளைப் பார்த்தீர்களா என்றும் கேட்டேன்.

"பாத்தனான். நேராத்தான் கிடந்தது" என்றார் அண்ணை.

அடுத்த நாள் படம் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தது. இணையத்திலும் போட்டார்கள். கறுப்புக் கதவு, பத்தாம் இலக்கம், நடுவில் நெற்றி முழுக்க வெள்ளையாக அண்ணை. லூயிஷாமில் மீன் வாங்கப் போனால் கடைக்காரர், "மந்திரியாருக்கு நல்ல விளைமீன் வந்திருக்கு" என்று பகிடி பண்ணினார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். சைன் வைக்கும் நாளிலும் ஒன்றும் நடக்கவில்லை. மிஸ்ட் கோல் ஒழுங்காக வந்தது. நான் தேவையில்லாமல் பயந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. அண்ணை பல நாள் அறையைவிட்டு வரவில்லை. தான் படிப்பித்த பிள்ளைகளின் பெயர்களை வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு கிடந்தார். நான் கதவுக்கு வெளியே தேத்தண்ணியோடு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அம்மா ஃபோனில் குரலைத் தாழ்த்திப் பேசினார். அன்றைக்கு அண்ணை வீட்டில் இல்லை.

"பிள்ளை, ரெண்டு பேர் வந்தவங்கள். கொண்ணையின்ர படம் ஒண்டு கொண்டுவந்து காட்டினவங்கள். ஒரு கறுப்புக் கதவுக்கு முன்னால நிக்கிறான். இது ஆர் எண்டு கேட்டவங்கள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கண் தெரியாதெண்டன். அறையெல்லாம் போய்ப் பாத்தவங்கள். திரும்ப வருவம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்கள்." ஃபோனை வைக்கமுதல், "மெலிஞ்சு போனான்" என்றார்.

பயத்துக்கும் ஒரு நிறம் இருக்குமானால் அன்றைக்கு என்னுடையது மாறியது. அவ்வளவு நாளும் நான் லண்டனில் கதவுகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் படம் கடல் கடந்து போய், அங்கத்தைய புலனாய்வுக்காரரின் கையில் அம்மாவின் கதவைத் தட்டும் என்று எனக்குப் படவேயில்லை.

அண்ணையின் லோயரிடம் போனோம். வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளை, எங்களுக்காக உண்மையில் மினக்கெடுகிறவர். அண்ணைக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. படத்தையும் அம்மாவின் கதையையும் சொன்னதும் அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. இது மிக நல்லது, இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்றார். பத்தாம் இலக்க வாசலில் நின்ற படம் வெளியே வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு வீட்டில் தேடியும் வந்துவிட்டார்கள், ஆகவே திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 'மிக நல்லது' என்றதை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா தன் கையால் ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் இன்னும் பலம் என்றும் லோயர் சொன்னார். இவன் என் மகன், இவனைத் தேடி வந்தார்கள் என்று இரண்டு வரி எழுதினாலே காணும்.

ஞாயிறு அண்ணையே அம்மாவுக்கு ஃபோன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம். மணி நாலைந்து தரம் அடித்த பிறகு அம்மா எடுத்தார்.

"அம்மா, நான்தான்."

அம்மாவின் குரல், சந்தையில் விலை கேட்கும் குரல் மாதிரிச் சத்தமாக வந்தது.

"ஆர் வேணும்? அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லைத் தம்பி. எனக்கு ஆம்பிளைப் பிள்ளையே இல்லை. பிழையான நம்பருக்கு எடுத்திட்டியள்."

அம்மாவுக்குப் பின்னால் ஓர் ஆண் இருமினார். லைன் அறுந்தது. அண்ணை ஃபோனையே பார்த்துக்கொண்டு இருந்தார். கடிதத்தைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அந்த ஃபோன் கோலில் கேட்டதை நானே எழுதிக் கையெழுத்து வைத்து லோயரிடம் கொடுத்தேன். மனைவியைப் பார்க்க ஆசைப்பட்டு வந்து மாட்டுப்பட்டவர்களைப் பற்றி அவ்வளவு வாசித்திருந்தேன். அவர்களின் மனைவிமாருக்குப் பிறகு என்ன நடந்தது என்று அந்தப் புத்தகத்தில் தேடிப்பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நெடுநாள் இழுத்து, ஒரு குளிர்காலத்தில் அண்ணைக்கு இருக்க அனுமதி கொடுத்தார்கள். இனி சைன் வைக்கத் தேவையில்லை, யாரும் பிடிக்கமாட்டார்கள். நான் சமையலறையில் இருந்து குழறி அழுதேன். என் கணவரைப் பகலில் எழுப்பினோம், அவரும் கோபிக்கவில்லை. அந்தப் படமும் அந்தப் படத்தால் அம்மா பட்ட பயமும்தான் அண்ணையைக் காப்பாற்றின. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று அண்ணை நின்றார். அந்தப் பிழையான நம்பருக்குப் பிறகு அவர் அம்மாவோடு கதைக்கவே இல்லை. நான் மட்டும்தான் எடுப்பேன், ஊர்க்கதை கதைப்பேன், அவர் பக்கத்தில் இருந்து கேட்பார். லைனில் யாரோ இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தேகம். உண்மையோ பொய்யோ, எனக்கும் சந்தேகம்தான். வேண்டாம் அண்ணை என்றேன். கேட்கவில்லை. எடுத்தார்.

"வணக்கம். லண்டனில இருந்து கதைக்கிறன்" என்றார், யாரோ போல. "எனக்கு விசா கிடைச்சிட்டுது. அதைத்தான்... ஒருத்தருக்குச் சொல்லவேணும் போல இருந்தது."

அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "எண்டாலும் சந்தோசம். குளிருக்கு நல்லா உடுத்துங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

அண்ணையின் தோள் குலுங்கத் தொடங்கியது. வாய் திறந்தது. பிழையான நம்பருக்கு எடுத்தவன் அழமாட்டான். நான் பாய்ந்து அவருடைய வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கண்ணீர் என் விரல்களுக்குள்ளால் வழிந்தது. அம்மா ஃபோனை வைப்பார், வைப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வைக்கவில்லை.